கூகுள் ஷீட்ஸ் தரவை போஸ்ட்கிரெஸில் ஏற்றி டிபீவரில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகப் பதிவேடு கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் அதில் எழுதுகிறார்கள். அறிக்கை எடுப்பவருக்கோ எஸ்குவெல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) வேண்டும், டிபீவரில் திறந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கும்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எடுத்துக்காட்டாக ஒரு ஆர்டர் பதிவேட்டை வைத்துக்கொள்வோம்: ஆர்டர் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண், தொகை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், பார்க்கும் கருவி டிபீவரின் இலவசப் பதிப்பு. மைஎஸ்குவெல், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ ஆகியவற்றில் எது மாறும் என்பது கடைசியில் இருக்கிறது.

டிபீவரிலிருந்தே கூகுள் ஷீட்ஸை நேரடியாகத் திறக்க முடியாதா?

முடியும். கூகுள் ஷீட்ஸுக்கான ஜேடிபிசி டிரைவர்களை (ஒரு கருவியைத் தரவு மூலத்தோடு இணைக்கும் மென்பொருள்) சிடேட்டா போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. டிபீவரில் 'டேட்டாபேஸ்' மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' போய், 'நியூ' அழுத்தி, டிரைவரின் ஜார் கோப்பைச் சேர்த்து, கிளாஸ் பெயரையும் யூஆர்எல் வடிவத்தையும் கொடுத்தால் போதும். ஒவ்வொரு தாளும் ஒரு அட்டவணையாகத் தெரியும், செலக்ட் கட்டளை வேலை செய்யும்.

ஆனால் தெரிவது அட்டவணை போல இருந்தாலும் உள்ளே இருப்பது தரவுத்தளம் இல்லை. தாளின் மதிப்புகளைத் தரும் ஷீட்ஸ் ஏபிஐ (நிரல்கள் தாளோடு பேசும் வாயில்) அழைப்பில் 'இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளை மட்டும் கொடு' என்று கேட்க வழியில்லை. நீங்கள் 'வேர்' (எந்த வரிசை வேண்டும் என்ற) நிபந்தனை போட்டு ஒரே ஒரு ஆர்டரைக் கேட்டாலும், டிரைவர் தாள் முழுவதையும் இறக்கித் தன் பக்கத்தில் வடிகட்டித்தான் தரும். இரண்டு தாள்களை ஜாயின் செய்தால் இரண்டும் முழுதாக இறங்கும். வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இல்லை, ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவி இல்லை, பல செயல்களை ஒன்றாக முடிக்கும் டிரான்சாக்ஷன் இல்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் வரிசைகளை மாற்றி அடுக்கினால் பாதி பழையது, பாதி புதியது என்று வரவும் கூடும்.

எப்போதாவது ஒரு தாளை எட்டிப் பார்க்க இது போதும். தினசரி அறிக்கைக்கு வேண்டாம். தாளை போஸ்ட்கிரெஸுக்குள் பிரதி எடுத்துவிட்டு, டிபீவரை அந்தப் பிரதியோடு மட்டும் இணைப்பதுதான் நிலைக்கும். கீழே உள்ள பதில்களெல்லாம் அந்த வழியை ஒட்டியவை.

பிரதி எடுக்க என்னென்ன வழிகள்?

ஒரே ஒரு தடவை வேண்டுமென்றால் சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு). தொடர்ந்து வேண்டுமென்றால் ஏபிஐ வழியாகப் படிக்கும் ஒரு சிறிய பைத்தான் நிரல். கூகுளின் நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டிலும் ஜேடிபிசி வசதி உண்டு. ஆனால் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் கெடு. மேலும் உங்கள் தரவுத்தளம் இணையத்திலிருந்து எட்டும்படி கூகுளின் ஐபி வரம்புகளுக்குத் திறந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது காரணத்துக்காகவே நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. பைத்தான் நிரல் உங்கள் வலையமைப்புக்குள் இருந்து வெளியே போய்ப் படித்துவிட்டு வரும். எந்தக் கதவையும் வெளியாட்களுக்குத் திறக்கத் தேவையில்லை.

'பப்ளிஷ் டு வெப்' இணைப்பிலிருந்து சிஎஸ்வி இறக்கும் குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த இணைப்பு கிடைத்தவர் எவரும் தாளைப் படிக்கலாம். வாடிக்கையாளர் கைபேசி எண் உள்ள தாளுக்கு அது கூடவே கூடாது.

சிஎஸ்வி வழியில் எங்கே சறுக்கும்?

கூகுள் ஷீட்ஸில் 'ஃபைல்', 'டவுன்லோட்', 'சிஎஸ்வி' என்று போனால் திறந்திருக்கும் ஒரு தாள் மட்டுமே இறங்கும். கோப்பு முழுவதும் அல்ல. டிபீவரில் இலக்கு அட்டவணையின் மேல் வலது சொடுக்கு, 'இம்போர்ட் டேட்டா', பிறகு சிஎஸ்வி. என்கோடிங் யூடிஎஃப்-8 என்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலி எழுத்துச்சரங்களை 'நல்' (மதிப்பே இல்லை என்ற நிலை) ஆக்கும் தேர்வையும் இயக்குங்கள்.

அட்டவணையை டிபீவரே உருவாக்கட்டும் என்று விட்டால் நெடுவரிசை வகைகளை அது ஊகிக்கும். கைபேசி எண்ணை இண்டிஜர் என்று எடுத்துக்கொண்டால் 'இண்டிஜர் அவுட் ஆஃப் ரேஞ்ச்' பிழை வரும். போஸ்ட்கிரெஸ் இண்டிஜரின் உச்ச வரம்பு 2147483647. இந்தியக் கைபேசி எண்கள் 10 இலக்கம், 6 முதல் 9 வரையுள்ள எண்ணில் தொடங்குபவை. ஆகவே ஒன்றுகூட அதில் அடங்காது. பிக்இண்ட் ஆக்கினால் பிழை போய்விடும், ஆனால் அதுவும் சரியான தீர்வு இல்லை. கூட்டவோ கழிக்கவோ போகாத எண்ணை டெக்ஸ்ட் வகையிலேயே வையுங்கள்.

இன்னொரு சறுக்கல்: இடையில் யாராவது அந்தக் கோப்பை எக்செலில் திறந்து 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்திருந்தால், கோப்பின் தொடக்கத்தில் பாம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் ஒட்டிக்கொள்ளும். உங்கள் நிரல் அதைத் தலைப்பின் பகுதியாகப் படிக்கும். பிறகு முதல் நெடுவரிசை மட்டும் 'இல்லை' என்று பிழை வரும். திரையில் பார்த்தால் பெயர் சரியாகவே இருக்கும். பைத்தானில் என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்துத் திறந்தால் அது தானே நீங்கிவிடும். எக்செலில் சாதாரண 'சிஎஸ்வி' என்று சேமித்திருந்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறியிருக்கும். அவை போனது போனதுதான். மூலத் தாளிலிருந்து மறுபடி இறக்குங்கள்.

நிரல் தாளைப் படிக்க எப்படி அனுமதி கொடுப்பது?

சர்வீஸ் அக்கவுண்ட் மூலம், அதாவது மனிதருக்கு அல்லாமல் நிரலுக்கென்று உருவாக்கும் கணக்கு மூலம். ஒரு ஊழியரின் சொந்தக் கணக்கில் ஓஆத் (கடவுச்சொல்லைத் தராமல் அணுகல் தரும் முறை) அனுமதி வாங்கி ஓட்டினால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அறிக்கையும் நின்றுவிடும். அதோடு, ஓஆத் செயலி 'எக்ஸ்டர்னல்' வகையில் 'டெஸ்டிங்' நிலையிலேயே இருந்தால் அனுமதியைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். வாரம் தவறாமல் ஒரே கிழமையில் நிரல் செத்துப்போகிறது என்றால் காரணம் இதுதான்.

கூகுள் கிளவுட் கன்சோலில் ஒரு புராஜெக்ட் தொடங்குங்கள். 'ஏபிஐஸ் அண்ட் சர்வீசஸ்' பகுதியில் கூகுள் ஷீட்ஸ் ஏபிஐயைத் தேடி 'எனேபிள்' அழுத்துங்கள். 'ஐஏஎம்' பகுதியில் 'சர்வீஸ் அக்கவுண்ட்ஸ்' போய் ஒன்று உருவாக்குங்கள். புராஜெக்ட் அளவில் எந்த ரோலும் கொடுக்கத் தேவையில்லை. பிறகு 'கீஸ்' தாவலில் 'ஆட் கீ', 'க்ரியேட் நியூ கீ', 'ஜேசான்'. இறங்கும் கோப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், தொலைத்தால் புதிதாக உருவாக்க வேண்டியதுதான். நிறுவனக் கொள்கை சாவி உருவாக்கத்தையே தடுத்திருந்தால் நிர்வாகியிடம்தான் போக வேண்டும்.

கடைசியாக, பலரும் மறக்கும் படி: அந்த சர்வீஸ் அக்கவுண்டுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். தாளைத் திறந்து 'ஷேர்' அழுத்தி, அந்த முகவரிக்கு 'வியூவர்' உரிமை கொடுங்கள். 'எடிட்டர்' வேண்டாம். நிரலிலும் ஷீட்ஸ் 'ரீட்ஒன்லி' ஸ்கோப் (படிக்க மட்டுமான அனுமதி எல்லை) போதும்.

எல்லாம் செய்தும் பிழை வருகிறது. எண்ணை வைத்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். 403 வந்தால் தாளைப் பகிரவில்லை, அல்லது ஏபிஐயை எனேபிள் செய்யவில்லை. செய்தியைப் படித்தால் எது என்று தெரியும். பகிரும்போதே மறுப்பு வந்தால், வெளியாட்களுக்குப் பகிர்வதை உங்கள் நிறுவனக் கணக்கு தடுத்திருக்கிறது. சர்வீஸ் அக்கவுண்ட் உங்கள் டொமைனுக்கு வெளியாள்தான்.

404 என்றால் கோப்பின் ஐடி தவறு. முகவரிப் பட்டையில் 'டி' என்ற எழுத்துக்கும் 'எடிட்' என்ற சொல்லுக்கும் நடுவில் இருக்கும் நீளமான கோவைதான் ஐடி. அதன் பின்னால் 'ஜிஐடி' என்று வரும் எண், கோப்புக்குள் இருக்கும் தாளின் அடையாளம்.

400 இரண்டு விதமாக வரும். 'அனேபிள் டு பார்ஸ் ரேஞ்ச்' என்றால் யாரோ தாளின் பெயரை மாற்றிவிட்டார்கள். பெயரை நம்பாமல் ஜிஐடி எண்ணைக் கொண்டு தாளைத் தேடும்படி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது. 'இந்த ஆவணத்துக்கு இச்செயல் ஆதரிக்கப்படவில்லை' என்ற பொருளில் வந்தால், அது கூகுள் ஷீட் அல்ல. டிரைவில் ஏற்றிய எக்செல் கோப்பு. உலாவியில் திறந்து திருத்தவும் முடிவதால் வித்தியாசம் தெரியாது. 'ஃபைல்' மெனுவில் 'சேவ் ஆஸ் கூகுள் ஷீட்ஸ்' கொடுங்கள். புதிய கோப்புக்குப் புதிய ஐடி என்பதை நினைவில் வையுங்கள். பழைய எக்செல் கோப்பை அப்படியே விட்டால் பாதிப் பேர் அதிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள்; அதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள்.

ஏபிஐயில் மதிப்புகளை எந்த வடிவத்தில் கேட்பது?

'ஃபார்மேட்டட் வேல்யூ' என்பது இயல்பு; கண்ணுக்குத் தெரிவது அப்படியே எழுத்தாக வரும். 1,25,000 என்று காற்புள்ளியோடு வரும், ரூபாய்க் குறி போட்டிருந்தால் அதுவும் வரும். போஸ்ட்கிரெஸின் நியூமெரிக் வகை இரண்டையும் ஏற்காது. 'அன்ஃபார்மேட்டட் வேல்யூ' கேட்டால் தொகை 125000 என்று சுத்தமாக வரும், தேதி ஒரு தொடர் எண்ணாக வரும். நாங்கள் பரிந்துரைப்பது இரண்டாவது. காரணம் தேதிக் கேள்வியில் விளங்கும்.

பைத்தானில் ஜிஸ்ப்ரெட் நூலகத்தைப் பயன்படுத்தினால் 'கெட் ஆல் ரெக்கார்ட்ஸ்' செயற்கூறில் கவனம். எண் போலத் தெரிவதையெல்லாம் அது எண்ணாக மாற்றும். 007 என்ற கிளைக் குறியீடு 7 ஆகிவிடும். 'நியூமெரிசைஸ் இக்னோர்' அளவுருவில் 'ஆல்' கொடுத்து நிறுத்தலாம். தலைப்பு வரிசையில் ஒரே பெயர் இரண்டு முறை இருந்தாலும் அது பிழை சொல்லி நிற்கும். அந்தப் பிழையை வரவேற்க வேண்டும், அமுக்கக் கூடாது.

ஏபிஐ நேரடியாகத் தரும் பட்டியலில் வரிசையின் கடைசியில் உள்ள காலிக் கட்டங்கள் வராது. ஐந்து நெடுவரிசை உள்ள தாளில் தொகை நிரப்பாத வரிசை நான்கு மதிப்புகளோடு வந்து நிற்கும். தலைப்பின் நீளத்துக்குக் காலி மதிப்புகளால் நிரப்பிய பிறகே தரவுத்தளத்துக்கு அனுப்புங்கள். இணைத்த கட்டங்களில் மேல் இடது மூலையில் மட்டும் மதிப்பு இருக்கும், மற்றவை காலி. தரவுத் தாளில் மெர்ஜ் செய்வதைத் தடை செய்துவிடுவதே நல்லது. ஃபில்டர் போட்டு மறைத்த வரிசைகளோ மறையாது, எல்லாமே வரும்.

முதலில் ஏன் எல்லாவற்றையும் டெக்ஸ்டாக ஏற்றச் சொல்கிறீர்கள்?

மனிதர்கள் எழுதும் தாளில் தொகை நெடுவரிசையில் 'பாக்கி' என்று ஒரு நாள் எழுதியிருக்கும். இறுதி அட்டவணைக்கு நேராக அனுப்பினால் அந்த ஒரு கட்டத்தால் முழு ஏற்றமும் உருளும். எனவே ஏற்றத்தை இரண்டு படியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அட்டவணையில், அதாவது வரவு அட்டவணையில், எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்ட். கூடவே தாளின் வரிசை எண்ணும் ஏற்றிய நேரமும். அங்கிருந்து வகை மாற்றிச் சரியானவற்றை இறுதி அட்டவணைக்கும், சரியில்லாதவற்றை ஒரு பிழை அட்டவணைக்கும் அனுப்புங்கள். பிழை அட்டவணையில் தாளின் வரிசை எண் இருந்தால், 'இந்த வரிசையைத் திருத்துங்கள்' என்று தாளை எழுதுபவரிடம் சொல்லிவிடலாம்.

போஸ்ட்கிரெஸ் 16 முதல் 'பிஜி இன்புட் இஸ் வாலிட்' என்ற செயற்கூறு இருக்கிறது. ஒரு எழுத்துச்சரம் குறிப்பிட்ட வகைக்கு மாறுமா என்று பிழை எழுப்பாமல் சொல்லும். பழைய பதிப்புகளில் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் விதி) சோதித்துவிட்டு கேஸ் கூற்றுக்குள் மாற்ற வேண்டும்.

சூத்திரப் பிழைகளும் எழுத்தாகவே வந்து சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். வேறு கோப்பிலிருந்து தரவை இழுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் போட்ட கட்டம் இன்னும் நிரம்பாத நேரத்தில் படித்தால் 'லோடிங்' என்ற சொல்லே மதிப்பாக வந்திருக்கும்.

தேதி தாறுமாறாக வருகிறதே?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சத்தமில்லாமல் தவறு நுழையும் இடமும் இதுதான்.

கூகுள் ஷீட்ஸ் தேதியை 1899 டிசம்பர் 30-இலிருந்து எண்ணிய நாட்களாக வைத்திருக்கிறது. 2024 ஜனவரி 1 என்பது 45292. போஸ்ட்கிரெஸில் 1899-12-30 என்ற தேதியோடு அந்த முழு எண்ணைக் கூட்டினால் தேதி கிடைத்துவிடும். தசமப் பகுதி நேரம்; .5 என்றால் நண்பகல்.

சிக்கல் தாளின் லொகேலில் (நாட்டுக்கேற்ற வடிவ அமைப்பில்) தொடங்குகிறது. 'ஃபைல்', 'செட்டிங்ஸ்' பகுதியில் அது யுனைடெட் ஸ்டேட்ஸ் என்றிருந்தால் மாதம்தான் முதலில். ஒருவர் ஏப்ரல் 3-ஐ நினைத்து 03/04/2024 என்று அடிப்பார். தாள் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். அதே ஆள் 15/04/2024 என்று அடித்தால் 15-ஆவது மாதம் கிடையாது என்பதால் தாள் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, ஒரே நெடுவரிசையில் 12 தேதிக்கு மேற்பட்டவை எழுத்தாகவும், 12 வரையுள்ளவை மாதமும் நாளும் இடம் மாறிய தேதிகளாகவும் கிடக்கும். அன்ஃபார்மேட்டடாகக் கேட்டால் உண்மைத் தேதி எண்ணாகவும் எழுத்துத் தேதி எழுத்தாகவும் பிரிந்து வருவதால் இந்த நோய் உடனே தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்த வடிவத்தைக் கேட்கச் சொன்னோம்.

லொகேலை இந்தியா என்று மாற்றினால் இனி அடிப்பவை சரியாகும். ஏற்கெனவே தவறாகப் பதிந்த எண் அப்படியே இருக்கும். மார்ச் 4-க்கான 45355, ஏப்ரல் 3-க்கான 45385 ஆகாது. ஆர்டர் எண்ணின் வரிசையோடு ஒப்பிட்டு, பின்னோக்கிப் போகும் தேதிகளைக் கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை.

எழுத்துத் தேதியை போஸ்ட்கிரெஸில் வெறுமனே டேட் வகைக்கு மாற்றாதீர்கள். சர்வரின் 'டேட்ஸ்டைல்' அமைப்பு எம்டிஒய் (மாதம், நாள், ஆண்டு) என்றிருந்தால் அங்கும் அதே குழப்பம். 'டு டேட்' செயற்கூறில் நாள், மாதம், ஆண்டு வடிவத்தைச் சொல்லி மாற்றுங்கள்.

நேரமும் சேர்ந்திருந்தால் தாளில் நேர மண்டலம் ஒவ்வொரு கட்டத்திலும் இல்லை, கோப்புக்குத்தான் உண்டு. 'அட் டைம் ஜோன்' கூற்றில் ஏசியா/கொல்கத்தா கொடுத்து டைம்ஸ்டாம்ப் டிஇசட் (நேர மண்டலம் அறிந்த நேர வகை) ஆக மாற்றி வையுங்கள். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் அதிகாலை 5.30 மணி வரை 'கரண்ட் டேட்' நேற்றைய தேதியையே சொல்லும். காலை 5 மணிக்கு ஓடும் 'இன்றைய ஆர்டர்கள்' அறிக்கை நேற்றைய ஆர்டர்களைக் காட்டினால் அங்கே பாருங்கள்.

வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகிவிட்டன. மீட்கலாமா?

முடியாது. தாளில் எண்ணாகப் பதிந்த எதற்கும் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் கிடையாது. அதற்கு மேல் உள்ளவை அடிக்கும்போதே போய்விட்டன. பிறகு 'பிளெய்ன் டெக்ஸ்ட்' ஆக்கினாலும் திரும்பாது. நெடுவரிசையை முதலிலேயே பிளெய்ன் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, மூல ஆவணத்தைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

திருத்திய வரிசையை எப்படி அடையாளம் காண்பது? நீக்கியதை?

தாளின் வரிசை எண்ணைச் சாவியாக வைக்காதீர்கள். யாராவது ஒருமுறை தேதிப்படி அடுக்கினால் எல்லா எண்ணும் மாறிவிடும். ரோ சூத்திரத்தால் உருவாக்கிய எண்ணும் அப்படித்தான். மாறாத ஆர்டர் எண் ஒரு நெடுவரிசையில் மதிப்பாகவே இருக்க வேண்டும். முடிந்தால் அந்த நெடுவரிசையை 'புரொடெக்ட்' செய்துவிடுங்கள்.

இறுதி அட்டவணையில் ஆர்டர் எண் முதன்மைச் சாவி. 'இன்சர்ட்' உடன் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்' சேர்த்தால் புதியது நுழையும், பழையது திருந்தும். ஒரு வரிசையை நகலெடுத்து ஒட்டி எண்ணை மாற்ற மறந்திருந்தால், ஒரே தொகுப்பில் ஒரே சாவி இரண்டு முறை வந்து, 'ஒரே வரிசையை இரண்டாவது முறை மாற்ற முடியாது' என்று போஸ்ட்கிரெஸ் முழுக் கட்டளையையும் நிறுத்தும். 'டிஸ்டிங்க்ட் ஆன்' போட்டு ஒன்றை மட்டும் எடுத்தால் பிழை மறையும், ஆனால் ஒரு உண்மையான ஆர்டரும் சேர்ந்து மறையக்கூடும். இரட்டைச் சாவிகளைப் பிழை அட்டவணைக்கே அனுப்புங்கள்.

நீக்கியதைக் கண்டுபிடிக்க, இறுதி அட்டவணையில் இருந்து வரவு அட்டவணையில் இல்லாத சாவிகளைத் தேட வேண்டும். அவற்றை அழிக்காமல் 'நீக்கிய நேரம்' என்ற நெடுவரிசையில் குறித்து வையுங்கள். இதற்கு ஒரு காவல் அவசியம்: வந்த வரிசைகளின் எண்ணிக்கை போன ஓட்டத்தைவிடப் பெருமளவு குறைந்தால் எதையும் தொடாமல் நிரல் நிற்க வேண்டும். எவரோ தாளைத் தவறுதலாகக் காலி செய்துவிட்டு 'அன்டூ' தட்டுவதற்கு முன்பு நிரல் ஓடினால், காவல் இல்லாதபோது எல்லா ஆர்டரும் நீக்கியதாகப் பதிவாகும்.

தமிழ்த் தலைப்புகளை நெடுவரிசைப் பெயராக வைக்கலாமா?

வைக்கலாம், இரட்டை மேற்கோளுக்குள். ஆனால் போஸ்ட்கிரெஸ் ஒரு பெயருக்குத் தரும் இடம் 63 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் 21 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். 'வாடிக்கையாளர் தொலைபேசி எண்' என்று கொடுத்தால் அது 'வாடிக்கையாளர் தொலைபேச' என்று வெட்டுப்படும். வருவது ஒரு நோட்டீஸ்தான், பிழை அல்ல. பக்கத்திலேயே 'வாடிக்கையாளர் தொலைபேசி எண் 2' இருந்தால் இரண்டும் ஒரே பெயராகி, அப்போதுதான் பிழை வரும். மைஎஸ்குவெலில் வரம்பு 64 எழுத்துக்குறி, பைட் கணக்கு அல்ல. இறுதி அட்டவணையில் சிறிய ஆங்கிலப் பெயர்களை வைத்துவிட்டு, அறிக்கை வியூவில் (அட்டவணை போலத் தெரியும் சேமித்த வினவலில்) தமிழ்ப் பெயர் சூட்டுவதே வசதி.

ஒரே பெயர் இரண்டு வாடிக்கையாளர்களாகக் காட்டுகிறது. பார்த்தால் வேறுபாடே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, 'கோ' என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். விசைப்பலகையைப் பொறுத்து மாறும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள 'நார்மலைஸ்' செயற்கூறு இரண்டையும் ஒன்றாக்கும். இரண்டு, ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' எழுத்தைத் தட்டுவது: 'கௌரி' என்பது 'கெளரி' ஆகியிருக்கும். இதை நார்மலைஸ் தொடாது, ஏனென்றால் கணினிக்கு அது வேறு சொல். பொதுவாக மாற்றவும் கூடாது. 'தெளிவு' என்ற சொல்லில் அதே எழுத்துத் தொடர் சரியாகவே வருகிறதே. பெயர்ப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும். மூன்று, வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் அகலமில்லா இடைவெளியும் உடையா இடைவெளியும். போஸ்ட்கிரெஸின் 'ட்ரிம்' சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும்; மற்றவற்றைக் குறியீட்டு எண்ணைச் சொல்லி நீக்குங்கள்.

அகரவரிசையும் இங்கேதான் உதைக்கும். 'சி' கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) யூனிகோட் எண்படி அடுக்குவதால் 'ன' என்பது 'ப'வுக்கு முன்னால் வரும், 'ற' என்பது 'ர'வை ஒட்டி நிற்கும். 'ஆர்டர் பை' கூற்றில் 'டிஏ-எக்ஸ்-ஐசியு' கொலேஷனைக் குறிப்பிட்டால் தமிழ் முறைப்படி வரும்.

429 பிழை?

ஒதுக்கீடு தீர்ந்தது. ஷீட்ஸ் ஏபிஐயில் ஒரு புராஜெக்டுக்கு நிமிடத்துக்கு 300 வாசிப்பு, அதில் ஒரு பயனருக்கு 60. சர்வீஸ் அக்கவுண்ட் ஒரு பயனர்தான். முழுத் தாளையும் ஒரே அழைப்பில் படித்தால் இந்த வரம்பின் பக்கம்கூடப் போக மாட்டீர்கள். கட்டம் கட்டமாகப் படிக்கும் லூப் ஒரு நிமிடத்துக்குள் மோதிவிடும். 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியை இரட்டித்து மறுபடி முயலுங்கள்.

இரவு ஏற்றம் முடியாமல் தொங்கிக்கொண்டே இருக்கிறது. பிழையும் இல்லை.

யாரோ டிபீவரைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். 'மேனுவல் கமிட்' (டிரான்சாக்ஷனை நாமே முடித்து உறுதிசெய்யும்) நிலையில் ஒரு செலக்ட் ஓட்டினாலே டிரான்சாக்ஷன் திறந்து, அட்டவணையின் மேல் ஒரு மெல்லிய பூட்டு நிற்கும். ஏற்றத்துக்கு முன் அட்டவணையைக் காலி செய்யும் 'ட்ரங்கேட்' கேட்பதோ முழுப் பூட்டு. அது காத்திருக்கும், அதன் பின்னால் வரும் எல்லா வாசிப்பும் காத்திருக்கும். 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' வியூவில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று தெரிபவர்தான் காரணம்.

அறிக்கை பார்ப்பவர்களை ஆட்டோ கமிட்டில் வையுங்கள், செலக்ட் உரிமை மட்டும் உள்ள தனிப் பயனர்பெயரும் கொடுங்கள். அந்தப் பயனருக்கு 'ஐடில் இன் டிரான்சாக்ஷன் செஷன் டைம்அவுட்' 10 நிமிடம் என்று அமைத்தால் பூட்டு தானே விழும். ட்ரங்கேட்டுக்குப் பதிலாக டிலீட் பயன்படுத்துவதும் சரியே. இந்த அளவுத் தரவுக்கு வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

டிபீவரில் 200 வரிசைதான் தெரிகிறது, மீதி எங்கே?

இருக்கிறது. டிபீவர் இயல்பாக 200 வரிசை மட்டும் எடுத்துக் காட்டும், கீழே உருட்டினால் அடுத்த தொகுதி வரும். மொத்தம் அறிய கவுண்ட் ஓட்டுங்கள். புதிதாகச் சேர்த்த நெடுவரிசை தெரியாவிட்டால் இடப்பக்கப் பட்டியலில் அட்டவணையைத் தேர்ந்து எஃப்5.

மைஎஸ்குவெல் என்றால் எது மாறும்?

எழுத்துக்குறித் தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். பழைய மூன்று பைட் யூடிஎஃப்8 தமிழுக்குப் போதும், ஆனால் குறிப்பு நெடுவரிசையில் ஒருவர் எமோஜி போட்டால் 'இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ' என்று விழும். ட்ரங்கேட் அங்கே தானாகவே கமிட் ஆகிவிடும், பாதியில் தவறினால் ரோல்பேக் கிடையாது. மேனுவல் கமிட் நிலையில் டிபீவர் பழைய தரவையே காட்டிக்கொண்டிருக்கும். டிரான்சாக்ஷன் முதலில் பார்த்ததையே முடியும்வரை காட்டும் 'ரிப்பீட்டபிள் ரீட்' தான் அங்கே இயல்பு. இணைக்கும்போது 'பப்ளிக் கீ ரெட்ரீவல் இஸ் நாட் அலவ்ட்' என்று வந்தால் டிரைவர் ப்ராபர்ட்டிஸில் அதை அனுமதிக்கும் மதிப்பை 'ட்ரூ' ஆக்குங்கள்.

தரவுத்தளத்தில் திருத்தியதைத் தாளுக்குத் திருப்பி எழுதலாமா?

ஒரே தாளில் இரு திசையும் வேண்டாம். யார் கடைசியாகத் திருத்தினார் என்று தீர்மானிக்க வரிசை அளவில் நம்பகமான நேரம் தாளில் இல்லை. முடிவுகளைத் தனித் தாளில் எழுதுங்கள், அதை யாரும் திருத்தாதபடி காப்புச் செய்யுங்கள். எழுதும்போது 'ரா' முறையைத் தேருங்கள். 'யூசர் என்டர்ட்' முறையில் சமக்குறியில் தொடங்கும் எழுத்து சூத்திரமாகும், முன்பூஜ்ஜியங்கள் காணாமல் போகும்.

எங்கள் அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் 365 தான்.

அங்கே பதிவேட்டை எக்செலில் வைக்காமல் ஷேர்பாயிண்ட் லிஸ்டில் வைத்தால் பாதி வேலை குறையும்: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வகை உண்டு, ஒவ்வொரு வரிசைக்கும் மாறாத ஐடியும் கடைசியாகத் திருத்திய நேரமும் உண்டு. மைக்ரோசாஃப்டின் கிராஃப் ஏபிஐ வழியாகப் படிக்கும்போது 'எக்ஸ்பேண்ட்' அளவுருவில் 'ஃபீல்ட்ஸ்' கேட்காவிட்டால் உங்கள் நெடுவரிசைகள் வராது. பதில் பக்கம் பக்கமாக வரும்; 'நெக்ஸ்ட்லிங்க்' தீரும்வரை தொடராவிட்டால் முதல் பக்கத்தோடு நின்றுவிடுவீர்கள். 5,000 உருப்படிகளைத் தாண்டிய லிஸ்டில் இண்டெக்ஸ் இல்லாத நெடுவரிசையால் வடிகட்டினால் மறுப்பு வரும்.

நெடுவரிசையை உருவாக்கும்போது தமிழில் பெயர் கொடுக்காதீர்கள். உள்பெயரில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் அடிக்கோடும் எண்களுமாக மாறி, 32 எழுத்தில் வெட்டுப்பட்டு, அடையாளமே தெரியாமல் போகும். முதலில் சிறிய ஆங்கிலப் பெயரில் உருவாக்கிவிட்டு, பிறகு தமிழுக்கு மாற்றுங்கள். காட்சிப் பெயர் மட்டும் மாறும், உள்பெயர் அப்படியே நிற்கும். மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாகச் சேவையான என்ட்ரா ஐடியில் உருவாக்கும் கிளையண்ட் சீக்ரெட்டுக்கு (நிரலின் கடவுச்சொல்லுக்கு) அதிகபட்சம் 24 மாதம்தான் ஆயுள். காலாவதி நாளை நாட்காட்டியில் போட்டு வையுங்கள்.

ஸோஹோ ஷீட்?

வரவு அட்டவணை முறை அப்படியே பொருந்தும். அக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரம் செல்லும், அதன்பின் ரெஃப்ரெஷ் டோக்கனால் புதுப்பிக்க வேண்டும். கணக்கு எந்தத் தரவு மையத்தில் இருக்கிறதோ அந்த முகவரியிலேயே டோக்கனும் கேட்க வேண்டும். இந்தியக் கணக்குக்கு டாட் இன். டாட் காமில் கேட்டால் ஐடியும் சீக்ரெட்டும் சரியாக இருந்தும் பிழைதான் கிடைக்கும்.

ஜேசான் சாவிக் கோப்பு தவறுதலாக கிட்ஹப்பில் ஏறிவிட்டது.

கோப்பை நீக்கிப் புதிய கமிட் (நிரல் மாற்றப் பதிவு) போடுவது பயன் தராது, பழைய கமிட்டில் அது இருந்துகொண்டே இருக்கும். உடனே கிளவுட் கன்சோலில் அந்தச் சாவியை அழித்துவிடுங்கள். புதிய சாவி உருவாக்கி, நிரலை அதற்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சர்வீஸ் அக்கவுண்ட் முகவரி மாறாததால் தாள்களை மறுபடி பகிரத் தேவையில்லை. அந்த முகவரிக்கு வேறு எந்தெந்தத் தாள்கள் பகிரப்பட்டிருந்தன என்று பட்டியல் எடுங்கள். சாவி வெளியே இருந்த நேரத்தில் அவை அனைத்தும் படிக்கக் கிடைத்திருந்தன என்றே கொள்ள வேண்டும்.